பன்னிரண்டாவது கிண்ணம்

வாசலிலேயே சட்டையைக் கழற்றுகிறான் இவாவோ.
பிறகு காற்சட்டை, பிறகு காலுறை.
ஆரிதாவில் ஜனவரி. ஓட்டு விளிம்பில் பனி ஊசிகள்.
எதிர்வீட்டு ஹிசாயே
கல்யாணமான புதிதில் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.
இப்போதெல்லாம்
"காற்று வருகிறது, சீக்கிரம்" என்கிறாள்.

அவன் இரும்புக்காரன்.
தெருக்கோடியில் அவன் சூளை.
கறுப்பு மெருகு, தேன்நிறக் குடுவை,
நகக்கண் எல்லாம் துரு.

எனக்கு வெள்ளை.
இடித்த மலைக்கல்லைக் கரைத்து
கூழுக்குள் காந்தத்தை இழுப்பேன்.
வெளியே வரும்போது அதற்கு மெல்லிய மீசை.
துடைப்பேன். மறுபடி இழுப்பேன்.
மீசை முளைக்காத அன்றுதான்
சக்கரத்தில் உட்காருவேன்.

கராட்சுவில் ஒரு தோஃபு கடைக்காரர்
பன்னிரண்டு கிண்ணம் கேட்டிருந்தார்.
"வைத்தால், தோஃபு எங்கே முடிகிறது
என்று தெரியக் கூடாது."
பேராசைதான். ஒப்புக்கொண்டேன்.

சுவரைச் சீவிச் சீவி
அந்தப் பக்கம் விரல் நிழலாடும்வரை சீவினேன்.
சூளைக்குள் போய் ஆறில் ஒரு பங்கு
சுருங்கித் திரும்பின.
பதினொன்று, சொன்னபடி.

பன்னிரண்டாவதின் உதட்டுக்குக் கீழே
எறும்பின் கண் அளவு
கறுப்பு.

எந்த மதியம் என்று எனக்குத் தெரியும்.
காய்ச்சலோடு வனைந்துகொண்டிருந்தேன்.
சக்கரம் சுற்றியது, அப்புறம் அறையும்.
ஹிசாயே போட்ட கூச்சலில்
தெருக்கோடியிலிருந்து ஓடிவந்தான்.
கண் விழித்தபோது என் கன்னத்தில்
அவன் சட்டை.
கழற்றாத சட்டை.

கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான்.
"என்னுடையது" என்றான்,
அளவில்லாமல் வெட்கப்பட்டு.
சுண்டினேன். மற்றவற்றைப் போலவே
தெளிவாக, நீளமாக ஒலித்தது.
அதனால் என்ன?
பின்கட்டுக் குவியலில் நானே உடைத்தேன்.
வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

புள்ளி இருந்த சில்லு மட்டும்
மேலாக வந்து விழுந்தது.
இடுப்பில் செருகியிருந்த காந்தத்தைக் காட்டினேன்.
அசையவில்லை.
மெருகுக்குள் உருகிப் போய்விட்ட இரும்பு
யார் கூப்பிட்டாலும் வருவதில்லை.

இன்று மறுபடி ஒன்று வனைகிறேன்.
வாசலில் பொத்தான் கழலும் சத்தம்,
ஹிசாயேயின் குரல்,
பல் கிட்டிக்கிட்டி அவன் சொல்லும் பதில்.

"துண்டு அடுப்புக்குப் பக்கத்தில்" என்கிறேன்,
கையை எடுக்காமல்.