மற்றவை

பதிவேட்டில் நாய்க்கு ஒரு கட்டம், பூனைக்கு ஒன்று,
ஏற்காட்டில் குரங்குக்குத் தனியாகவே ஒன்று.
நரியை எங்கே எழுதுவதென்று பேனாவோடு தேடி
‘மற்றவை’யில் எழுதினார் சிஸ்டர் ஜெசிந்தா.
மாதேஸ்வரி, முப்பத்தெட்டு, வலது கெண்டைக்கால்,
மூன்றாம் வகைக் காயம்.

நான் பிறந்தது வாழப்பாடிப் பக்கம்.
பொங்கல் கழிந்தால் வலைகட்டி வங்காநரி பிடித்துவந்து
கோயிலைச் சுற்றி ஓட்டுவார்கள்,
முகம் பார்த்தால் விளையுமென்று.
நானும் பார்த்திருக்கிறேன்.
அதன் வாயைக் கட்டியிருந்தார்கள்.

நாகலூர் எஸ்டேட் லயனில்
விடியுமுன் குழாயடிக்குப் போனபோது
வாய் கட்டாத முகம்.
உறுமவில்லை. நேராக வந்தது, கடித்தது,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குகளுக்குள்
ஷிப்டு முடிந்ததுபோல நடந்துபோனது.

“நரி முகத்துல முழிச்சிருக்க புள்ள,”
சிரித்துக்கொண்டே காப்பித்தூளை அள்ளி
அப்பினார் மேஸ்திரி.

ஜெசிந்தா திட்டினார்.
மேஸ்திரியையா, தூளையா, என்னையா, தெரியவில்லை.
“சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில, பதினஞ்சு நிமிஷம்.”
சுகாதார நிலையக் குழாயில் பங்குனி மாதம்
காற்றுதான் வந்தது.
பிரசவத்துக்கு வந்தவளின் புருஷன் ஒருவன்
தொட்டியிலிருந்து குடம் குடமாய்க் கொண்டுவந்து
சாய்த்துப் பிடித்து ஊற்றினான். பேர்கூடக் கேட்கவில்லை நான்.
பதினோராம் நிமிடம் தொட்டி காலி.
சுவர்க்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்
தன் பாட்டிலைத் திறந்தார் சிஸ்டர்.

“தையல்?” என்றேன்.
“கூடாது. தொறந்தே இருக்கட்டும்.”

இரண்டு தோளிலும் ஊசி.
காயத்துக்குள் போடுகிற இன்னொன்று
கீழே, சேலம் பெரியாஸ்பத்திரியில்தான்.
பால்வேன் முன்சீட்டில் கால்நீட்டி
இருபது கொண்டை ஊசி வளைவு.
பலகைகளில் எண் குறைந்துகொண்டே வந்தது.

சதைக்குள் சிரிஞ்சை இறக்கினான் ஒரு பையன் டாக்டர்,
நாலு இடத்தில், மெதுவாக.
நரி கடித்தபோது வராத அழுகை அங்கே வந்தது.
“நாயா இருந்தா பத்து நாள் கட்டிப்போட்டுப் பாக்கலாம்க்கா.
நரிய யாரு பாக்கறது?”
பதில் காட்டுக்குள் போய்விட்டது.
கேள்விக்குத்தான் மருந்து.

மூன்றாம் நாள். ஏழாம் நாள். ரெண்டு நாள் கூலி போச்சு.
அதற்கப்புறம் இருபத்தெட்டுதான்.
நடுவில் மூன்று வாரம்
யாரும் என்னைத் தொட்டுப்பார்க்க அவசியமில்லை.

ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும்
செம்பில் தண்ணீர் மொண்டு உதட்டருகே கொண்டுபோவேன்.
தொண்டைக்குக் காது கொடுப்பேன்.
இறங்கும்.
நம்பாமல் இன்னொரு மடக்கு. இறங்கும்.
வயிறு முட்டத் தண்ணீரோடு படுத்துக்கொண்டு
ஒண்ணுக்கு வெளியே போகப் பயந்து கிடப்பேன்.
சடையன் ஒன்றும் கேட்டதில்லை.
எழுந்து செம்பை நிரப்பித்
தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

கடைசி ஊசியன்று சீட்டில்
சிவப்பு மையில் ‘முடிந்தது’ என்றெழுதினார் ஜெசிந்தா.
“அந்த நரிக்கு?” என்று கேட்டுவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
“அத எந்தக் கட்டத்துல எழுதறதும்மா.”

திரும்பும் வழியில் ஓடையிடம் நின்றேன்.
ஈரமண்ணில் தேடினேன்.
நீர்வரை வந்திருந்தவை எல்லாம் குளம்புகள்,
காட்டெருமைகளுடையவை, ஆழமாய், நிறைய.
செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து
ஒரு கை அள்ளினேன்.
பல் கூசியது.