துபாஷி

புதுக் கார்டு போட்ட அன்றே
விளையாட்டில் கடல் காணாமல் போனது.
தார் ஊற்றிய கறுப்பில்
கப்பல் மட்டும் தனியே நிற்கிறது.

மிஸ்ரியா உச்சுக்கொட்டினாள்.
"ரெண்டாயிரத்து ஒண்ணுல வந்த ஆட்டம்.
இது பேசுறது அதுக்கு விளங்கல."
நடுவில் துபாஷியாக
ஒரு டிஎல்எல் கோப்பை உட்கார வைத்தாள்.
வானம் கட்டங்கட்டமாகக் கிழிந்தது.
வேகத்தை அறுபதில் கட்டினாள்,
அலைகளின் வலிப்பு நின்றது.

மூன்றாம் முறை தண்ணீர் வந்தது:
கீழக்கரை ஜெட்டியில்
நான் ஒருநாளும் பார்த்திராத பச்சை.

கப்பலின் நிழல் மட்டும்
சூரியன் இருக்கும் பக்கமே விழுகிறது.
"அதையும் பாக்கவா?"

கச்சான் அடிக்கிறது.
வாங்கி ஒன்பது நாள்தான்,
கார்டின் விசிறி
உப்பை மென்று கரகரக்கிறது.

"நிழல் கிடக்கட்டும்.
முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து."