நானூறாம் நம்பர்

எண் கூடக் கூட மணி சிறுக்கும்.
வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குத் தலைகீழாய்ப் பட்டது.
ஓர் அங்குலச் சல்லடையில் எத்தனை கண் என்ற கணக்காம்.
எண்பது என்றால் கண் பெரிது,
விழுகிற மணியும் பெரிது.
இருநூற்று இருபதுக்கு அப்பால்
சல்லடை கைவிட்டுவிடும்.
தண்ணீர்தான் பிரிக்கவேண்டும்.

தண்ணீர் பிரிப்பதை நான் காலால் அறிவேன்.
கனகராயன் ஆறு இரணைமடுவுக்குள் நுழைகிற இடத்தில்
மார்கழி வெள்ளம்
கை தளர்ந்து முதலில் போடுவது பருமணல்.
குறுமணல் கொஞ்சம் தள்ளி.
களி மட்டும் குளக்கட்டு வரை மிதந்துபோய்
ஆறுதலாய் அடங்கும்.
ஆவணியில் குளம் வற்ற அந்த வரிசையில் நடந்திருக்கிறேன்,
உள்ளங்கால் குத்துவதில் தொடங்கி
வழுக்கி விழுவது வரை.

அந்தப் பருமணலை அள்ளுகிற டிப்பர்தான்
பரந்தன் பட்டறையில்
கதவு கழன்று நிற்கிறது.
குலேந்திரராசா அவசரப்படுகிறார்:
"எண்பதால உரஞ்சிப்போட்டு நேரே நானூறுக்குப் போ பிள்ளை.
மண் ஏத்திற வாகனம், ஆர் உத்துப் பாக்கப்போறான்?"
"வெயில் பாக்கும் அண்ணை."

எண்பது கீறியதை நூற்றைம்பது அழிக்கும்,
அது கீறியதை இருநூற்று நாற்பது.
நானூறு பாவம்,
பள்ளத்தின் விளிம்பைத் தடவிக்கொடுக்கத்தான் அதற்குத் தெரியும்.
பள்ளம் கிடக்கும்,
பெயின்ற் காய்ந்த பிறகு எழும்ப.

மூன்று நாள், வாளித் தண்ணீரும் மண்கடதாசியும்.
வங்கி மெசின் என் பெருவிரலை
ஆள் இல்லை என்கிறது.

கடைசித் தாளில்,
முதுகில் நானூறு என்று அச்சடித்த கூட்டத்துக்குள்,
ஒரேயொரு நூற்றிருபது ஒளிந்திருந்தது.
கைக்குத் தெரியவில்லை.
ஈரச் சத்தத்துக்குள் ஒரு கிரீச்.
நிறுத்துமுன் கீறிவிட்டது,
கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண்.
தரம் பிரிக்கிறவனுக்குக் காசு கொடுப்பது
அந்த ஒன்றை உள்ளே விடாமல் இருக்கத்தான்.

நான் இருநூற்று நாற்பதுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.
கரண்ட் இல்லை, இருட்டிவிட்டது,
அவர் வாசலில் நின்று செருமுகிறார்.
திரும்பவில்லை.

காசைக் குறைக்காமல் தந்தார்.
"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

பின்னேர வெயிலில் அந்த மஞ்சள் டிப்பர்
ஏ-ஒன்பதில் புழுதி கிளப்பிப் போகும்போது
பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாரும் முகத்தைப் பொத்துகிறார்கள்.
நான் கதவைப் பார்க்கிறேன்.

இப்போது தாள் வாங்குமுன்
கடையில் வைத்தே அதன் முகத்தில்
என் கன்னத்தை இழுத்துப் பார்க்கிறேன்.
விரல்தான் மழுங்கிவிட்டதே.
கடைக்காரர் சிரித்தபடி
மற்றக் கட்டையும் எடுத்து வைக்கிறார்.