பிசின்

வின்டர்தூர் விளையாட்டு மண்டபத்தில்
ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு
என் வேலை தொடங்கும்.
ஹேண்ட்பால் பிள்ளைகளின் விரற்பிசின்
தரையெங்கும் கறுத்துக் கிடக்கும்.
சுரண்டினால் போகாது. எண்ணெய் விட்டு
முழங்காலில் நின்று தேய்க்கவேண்டும்.
அதில் கொஞ்சம் என் மகளுடையதும்.

மார்ச்சில் கிம்னாசியப் பரீட்சை.
"பந்தா, படிப்பா? இண்டைக்கே சொல்லு"
சோற்றுக்கோப்பைக்கு முன்னால் வைத்துக் கேட்டார் இவர்.
நிரூஜன் பதினெட்டு வயதுமட்டும்
கால்பந்தோடு திரிந்தான்,
கணக்கில் மூன்றரை எடுத்துக்கொண்டு.
அவனிடம் ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

ஆரபி பதில் சொல்லவில்லை.
குழம்பை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டாள்.
தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல்:
ஏழு மீட்டரிலிருந்து வந்த பந்து,
தடுத்தாளாம்.
"கலியாண வீட்டுக்குச் சேலை மறைக்கும்தானே" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

பின்னம் அவளுக்கு ஓடாது, அது உண்மை.
பேருந்தில் படிக்கிறாள், நித்திரையாகி
இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போகிறாள், அதுவும் உண்மை.
இவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
இந்த நாட்டில் எடுத்துக் காட்ட
எங்கள் இருவரிடமும் ஒரு கடதாசி இல்லை.

துடைத்து முடித்து, விளக்கை அணைக்குமுன்
தடியைச் சுவரில் சாத்திவிட்டுக்
கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றேன்.
கைகளை விரித்துப் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் எட்டவில்லை.
எப்படி மறைக்கிறாள் இவ்வளவையும்?

சப்பாத்து ஒட்டியது.
ஓரிடம் விடுபட்டிருக்கிறது.
அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.