ஊர், பெயர், தொகை

செக்கானூரணி தாண்டி
செல்லம்பட்டி போகிற சாலையில்
பஞ்சர் கடைக்கு எதிர் மண்டபம்.
ஆவணி பதினாலு, ஞாயிற்றுக்கிழமை
மொய் எழுத வரச் சொன்னார்கள்.
காதுகுத்தா, வசந்த விழாவா என்றேன்.
ரெண்டும் இல்லண்ணே,
நாலு பிள்ளைகளுக்கு நர்ஸிங் பீஸ் கட்டணும்
என்றாள் குழுத் தலைவி சிவனம்மாள்.
சம்பளம் எழுநூறு, சாப்பாடு உண்டு.
பெஞ்சு, குண்டு பல்பு, எவர்சில்வர் அண்டா,
வெற்றிலைத் தட்டு, எல்லாம் வழக்கம்போல.

இருபத்தாறு வருஷப் பழக்கம்.
முதல் ஆள் வந்து நின்றதும்
நாக்கு தானாகக் கேட்டது:
வீட்டுக்காரர் பேரு?
நோட்டின் மேல் கையை வைத்து மறித்தாள் சிவனம்மாள்.
இன்னைக்கு அந்தக் கேள்வி கிடையாது.

கேட்காமல் விட்ட கேள்வியில்
வரிசையே கொஞ்சம் தடுமாறியது.
சிலர் மகன் பேரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்கள்.
ஒருத்தி இனிஷியலுக்கு யோசித்தாள்,
அப்பாவுடையதா, அவருடையதா என்று.
சும்மா மொட்டையா எழுதச் சொல்லுடி
என்றாள் பின்னால் நின்றவள்.
மொட்டையாக எழுதினேன்.

கருமாத்தூர், ஒச்சம்மாள், இருநூற்றியொண்ணு.
விக்கிரமங்கலம், பின்னியக்காள், ஐநூறு.
மதுரை நெல்பேட்டை, ரகுமத் பீவி, ஆயிரம்;
முறுக்குக் கடை கல்லாவில் இருந்து
அத்தனையும் பத்து ரூபாய்த் தாள்,
என் விரலெல்லாம் எண்ணெய்.

மைக்கில் என் மச்சினன் பிச்சைமணி.
வாலாந்தூர், போதும்பொண்ணு, ஐநூற்றியொண்ணு
என்று அவன் வாசித்தபோது
பந்தியில் சிரிப்பு.
அஞ்சாவதும் பொண்ணாகப் பிறந்தால்
சாமிக்கு மனுப்போடுகிற மாதிரி வைக்கிற பெயர்,
எங்கள் பக்கம் தெருவுக்கு ஒன்று உண்டு.
முந்தியை அவிழ்த்து
இன்னொரு ஐநூறை வைத்தாள்.
இதையும் வாசிக்கச் சொல்லுங்க, பேரோட.
வாசித்தான்.
ரெண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை
என்று எழுத ஆசைதான்.
சிரித்தார்கள். அவளும் சேர்ந்து.

குவைத்தில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்த
அன்னக்கொடி ரெண்டு வரி கேட்டாள்.
முதல் வரி அவளுக்கு.
அடுத்ததுக்கு
ஊர், அடிஸ் அபாபா. பெயர், ஆல்மாஸ்.
எழுத்துக் கூட்டிச் சொன்னாள்,
ஒரு தடவை அடித்துவிட்டு எழுதினேன்.
ஒரே அடுப்படி, ஒரே பாய்,
ஆளுக்கொரு பாஷை.
முதலாளியம்மா பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்து
சம்பளத்தையும் நிறுத்திய வருஷம்
தன் தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்ததில் பாதியை
இவள் மகள் பரீட்சைக்கு அனுப்பச் சொன்னவளாம்.
இப்ப எங்க இருக்கு அந்தப் பொண்ணு?
தெரியலண்ணே. நம்பர் போகல.

மொய் என்றால் திருப்பிச் செய்யணும்.
நோட்டின் வலது ஓரத்தில்
அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு,
என்ன விசேஷம், எவ்வளவு, எந்தத் தேதி.
ஆல்மாஸ் வீட்டு விசேஷத்துக்கு
ஆரப்பாளையத்தில் இருந்து பஸ் இருக்கா என்றேன்,
கேலியாகத்தான்.
பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளை,
அந்த நாலு பேரில் ஒருத்தி,
ஜக்கோடு வந்து குனிந்து வரியைப் படித்தாள்.
ஒரு சொட்டு விழுந்து ‘அபாபா’ கலைந்தது.
அந்தக் கட்டத்தை மூடிராதீங்க மாமா.
அவ்வளவுதான். ரசம் கேட்டார்கள், போய்விட்டாள்.

ராத்திரி பதினொன்றரைக்கு
அண்டாவைக் கவிழ்த்து எண்ணினோம்.
வேண்டியது ரெண்டு லட்சம்.
வந்தது ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்றி எழுபது.
மூன்று தடவை கூட்டினேன், அதேதான்.
என் எழுநூறை நான் வாங்கிக்கொண்டேன்,
பொய் சொல்லவில்லை,
பெட்ரோலே நூற்றைம்பது.

போதல, என்றேன் சிவனம்மாளிடம்.
குழாயடியில் அண்டா விளக்கிக்கொண்டிருந்த வாலாந்தூர்க்காரி
தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துத்
திரும்பினாள்.
பிறகு புரிந்து,
ஐப்பசியில் ஞாயிறு என்னென்ன தேதியில் வருது
பாருங்க, என்றாள்.