சாதுக்கள் பதினொரு பேர்

பைசாந்து நகரத்து மாட்டிறைச்சி ஆலையில்
மூன்றாவது மேசை என்னுடையது.
கொக்கியில் தொங்கி உடல்கள் நகரும்.
எனக்கு ஈரல் மட்டும் வரும்,
இன்னும் வெதுவெதுப்பாய்.
தடவு, அழுத்து, கத்தியால் இரண்டு கீறல்.
ஒரு புள்ளி தட்டுப்பட்டால்
முழு ஈரலும் சிவப்புத் தொட்டிக்கு.
பத்தொன்பது வருடம்.
மறுயோசனை என்பதே கிடையாது.

பித்தப்பையில் கல் இருக்குமென்று
ஸ்கேன் எடுக்கப் போனேன்.
கல் இல்லை.
கல்லீரலில் பதினொரு கட்டிகள்,
பெரியது நாலே கால் சென்டிமீட்டர்.
ஈரக்குலை நடுங்கியது,
அதில் எது எது நடுங்கியதோ.

ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு
புற்று இல்லை, சுல்மா, என்றார் டாக்டர் பெர்டோமோ.
எல்லாம் சாது.
சாது மிரண்டால்?
அவர் சிரிக்கவில்லை.
ரத்தம் கசியலாம், அபூர்வமாக.
வலது விலாவின் கீழே திடீரென வலித்தால்,
தலை சுற்றினால்,
விடியட்டும் என்று படுத்திருக்காதே.

வெட்டி எறிந்துவிடுங்களேன், என்றேன்,
தொழில் புத்தி.
பதினொன்றையும் வெட்டினால்
உனக்கு என்ன மிஞ்சும்?
ஐந்தைத் தாண்டினால் பார்ப்போம்.
அதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு எம்.ஆர்.ஐ.
எடையைக் குறை.
கருத்தடை மாத்திரையை இன்றே நிறுத்து.

பதினாறு வருட மாத்திரை.
வால்டெமார் மருந்துக்கடைக்குப் போனான்
ஆணுறை வாங்க.
கல்லாவில் அவனுடைய பழைய ஆசிரியை.
பற்பசையோடு திரும்பி வந்தான்.
அன்றுதான் அந்த மாதத்தில் முதல்முறை சிரித்தேன்,
விலாவைப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து.

செவ்வாய்க்கிழமை ஒரு ஈரல் வந்தது.
வழவழப்பு, நல்ல நிறம்,
ஓரத்தில் பட்டாணி அளவு ஒன்று.
கை நின்றுவிட்டது.
பின்னால் வரிசை முட்டியது,
மேற்பார்வையாளர் பெயர் சொல்லிக் கத்தினார்.
எறிந்தேன்.
தின்பவர்களுக்கு என் கதை எதற்கு?
ஆனாலும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்,
இத்தனை வருடத்தில் முதல்முறை.

நவம்பரில் மறுபடி அந்தக் குழாய்க்குள்.
மூச்சை இழு, நிறுத்து, விடு.
பெரியது மூன்று மில்லிமீட்டர் சுருங்கியிருந்தது.
மொத்தம் பத்து.
டாக்டர் திரும்ப எண்ணினார்.
பத்துதான்.

இப்போது வால்டெமார் அந்தப் படத்தை
சமையலறை ஜன்னலில் பிடித்து
காணாமல் போனதைத் தேடிக்கொண்டிருக்கிறான்,
பின்னால் ஆறு மினுங்குகிறது, என் ஈரல் வழியாக.
விடு, என்று மாத்தே குவளையை நீட்டுகிறேன்.
வாங்கிக்கொள்கிறான்,
விரலைப் படத்திலிருந்து எடுக்காமல்.