அலகு

க்ரோனிங்கன். நவம்பர்.
நான்கரைக்கே இருட்டிவிட்டது.
மூன்றாம் மாடியில் வீட்ஸ்கே
ஒரு விநாடியை ஐந்நூறாகக் கிழித்து
ஒவ்வொரு கிழிசலாகப் பார்க்கிறாள்.

திரையில் பதினேழாம் எண் புறா.
ஷூர்ட் அதை மேயர் என்பான்,
நெஞ்சை முன்னால் அனுப்பிவிட்டு
பின்னால் நடந்து வருவதால்.

எதிரே ஒரு பட்டாணி.
மேயர் குனிகிறது, நிற்கிறது.
இன்னும் கொஞ்சம் குனிந்து இன்னொரு முறை நிற்கிறது,
கடைக்காரர் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல.
பிறகு தலை விழுகிறது.
விழும் வழியிலேயே வாய் திறக்கிறது:
கீழ்த்தாடை இறங்க
மேல்தாடையும் மெல்ல எழும்
(நமக்கு வாய்க்காத சலுகை).
பட்டாணிக்குப் பட்டாணியளவு.
கோதுமைக்குக் கோதுமையளவு.
கடுகென்றால் ஒரு கீறல், அவ்வளவே.

அலகென்றால் மூக்கு, அலகென்றால் அளவு.
இரண்டும் ஒன்றென்று
இதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஃபிரேம் நூற்று நாற்பத்திரண்டு: இமை பாதி.
நூற்று நாற்பத்தொன்பது: முழு இமையும்.
நூற்று ஐம்பத்தாறு: பட்டாணி உள்ளே.
கடைசி விரற்கடையைக்
கண்ணை மூடிக்கொண்டுதான் கடக்கிறது.

நேற்று அதை ஏமாற்றினார்கள்.
மூன்று வாரம் ராவி ராவி
ஷூர்ட் செய்த சுழல்தட்டு,
இமை மூடிய கணத்தில்
பட்டாணியை நகர்த்திக் கடுகை வைத்தது.
பட்டாணிக்குத் திறந்த வாய் வந்து
காற்றைக் கவ்வியது.
டக்.
அந்தச் சத்தம் மட்டும்
அறையில் கொஞ்ச நேரம் இருந்தது.
மேயர் யாரையும் குறை சொல்லவில்லை.
மறுபடி குனிந்தது, மெல்லிய கீறலாய்த் திறந்து
கடுகை எடுத்துக்கொண்டது.

வீட்ஸ்கே அன்று மாலை
ஒரு கைப்பிடி பட்டாணியைக் கூண்டில் போட்டாள்.
பதிவேட்டில் எழுதவில்லை.

இன்று ஷூர்ட்டுக்குக் கடைசி நாள்.
திங்கள் முதல் ட்ரோன்ட்ஹெய்மில் வேலை.
காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.
மேலங்கியில் ஒரு கையை நுழைத்துக்கொண்டே
"கண்ணை மூடு, கையை நீட்டு" என்றான்.

அவள் மூடினாள்.
நீட்டிய கை வழியிலேயே விரிந்தது.
எதற்கு? ஒரு பெட்டிக்கா,
ஒரு சாவிக்கா,
ஆறு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தும்
சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றுக்கா,
அத்தனை பெரிதாய் விரிந்தது.

விழுந்தது ஒரு பட்டாணி.

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்,
இரண்டு ஃபிரேம் தாமதமாக.

காமிரா அணைந்திருந்தது, நல்லவேளை.
மேயர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது,
பட்டாணியை,
இரண்டு கண்ணாலும்.